செம்பு எப்போது சிவக்கும்?

போன இதழில் செம்புச் சிவப்பு கிளேஸ் (பாத்திரத்தின் மேல் கண்ணாடி போல உருகிப் படியும் பூச்சு) பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்த பிறகு, இந்த மாதம் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிடலாம் என்று ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தக் குறிப்பைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 1,300 டிகிரியை ஒட்டிச் சுடுகிற ஸ்டோன்வேர் (கல் போல இறுகும் மண்பாண்டம்), பீங்கான் பாத்திரங்களுக்குப் போடும் கிளேஸில் அரை சதவீதம் அளவுக்குச் செம்புக் கார்பனேட் சேர்த்து, சூளைக்குள் காற்றைக் குறைத்துச் சுட்டால் ரத்தச் சிவப்பு கிடைக்கும். காற்று தாராளமாக இருந்தால் அதே செம்பு பச்சையாகிவிடும். இப்படிக் காற்றைக் குறைத்துச் சுடுவதைத்தான் ரிடக்‌ஷன் என்கிறோம்.

கேள்வி: என்னிடம் சிறிய கேஸ் சூளை இருக்கிறது. ஒரே வாளியில் கலந்த கிளேஸ், ஒரே சூடு. ஆனால் மேல்தட்டில் வைத்தது பச்சை, நடுவில் வைத்தது ஈரல் நிறம், கதவோரத்தில் வைத்தது ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. கலவையில் எதை மாற்றட்டும்?
— வாசகி, கோயம்புத்தூர்

கலவையில் எதையும் மாற்றாதீர்கள். ஒரே வாளியிலிருந்து இத்தனை நிறம் வந்திருக்கிறது என்றால், அந்தக் கிளேஸுக்குச் சிவக்கத் தெரியும் என்று அர்த்தம். அதற்கு வேண்டிய காற்று எல்லா மூலைக்கும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

சிவப்பு தீர்மானமாவது உச்ச வெப்பத்தில் என்று பலர் நினைக்கிறார்கள். கடைசி ஒரு மணி நேரம் புகைபோக்கி வழியை அடைக்கும் தகடான டேம்பரை இழுத்து மூடி, கரும்புகை வரவழைத்துவிட்டு, காலையில் பச்சைக் கிண்ணங்களை வெளியே எடுக்கிறார்கள். அந்தக் கடைசி மணி நேரம் வருவதற்குள் விஷயம் முடிந்து போயிருக்கும். கிளேஸ் தூளாக, நுண்துளைகளோடு இருக்கும்வரைதான் சூளையின் வாயு அதற்குள் எளிதாகப் புகுந்து செம்பைத் தொட முடியும். உருக ஆரம்பித்ததும் பால் மேல் ஆடை படிவதுபோல மேற்பரப்பு மூடிக்கொள்ளும். பிறகு வெளியே எவ்வளவு புகை போட்டாலும் உள்ளே இருக்கிற செம்புக்கு அது சரியாகப் போய்ச் சேராது. ஆகவே கிளேஸ் மூடிக்கொள்வதற்கு முன்பே செம்பைப் பிடித்துவிட வேண்டும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். உங்கள் சூளைக்கு ஏற்ப இதில் முன்பின் மாற்றம் இருக்கும். 900 டிகிரி வரை தாராளக் காற்றோடு, அவசரமில்லாமல் ஏற்றுகிறேன். கோன் என்பது குறித்த சூட்டில் இளகிச் சாயும் சிறு கூம்பு; 010 கோன் சாய்வது என் அடையாளம். சூளையின் சூட்டைக் காட்டும் பைரோமீட்டர் இருந்தாலும் கோன் வைக்காமல் சுட மாட்டேன். கம்பியின் முனை இருக்கும் இடத்துச் சூட்டை மட்டும்தான் மீட்டர் சொல்லும். 010 சாய்ந்ததும் பர்னரின் காற்றுத் தகட்டைக் கொஞ்சம் மூடி, டேம்பரைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளுவேன். மேல் பார்வைத் துளையின் அடைப்பை எடுத்தால் மென்மையான ஆரஞ்சுச் சுடர் ஒரு சாண் நீளத்துக்கு வெளியே நாக்கு நீட்ட வேண்டும். கீழ்த் துளையிலும் சுடர் லேசாக எட்டிப் பார்க்க வேண்டும். மேலே சுடர் வந்து, கீழே காற்று உள்ளே இழுபட்டால் சூளையின் கீழ்ப்பாதி ரிடக்‌ஷனில் இல்லை. டேம்பர் இன்னும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

இந்த நிலையில் 1,000 டிகிரிக்கு வர ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். ரிடக்‌ஷனில் வெப்பம் மெதுவாகத்தான் ஏறும், ஏனென்றால் கேஸ் முழுதாக எரிவதில்லை. மீட்டர் நகரவில்லையே என்று பதறி டேம்பரைத் திறந்துவிடுகிறவர்கள் அதிகம். திறக்காதீர்கள். 1,000-ஐத் தாண்டிய பிறகு பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, மிதமான ரிடக்‌ஷனில் மணிக்கு 50, 60 டிகிரி வீதம் 10 கோன் (1,300 டிகிரியை ஒட்டிச் சாய்வது) சாயும்வரை போகலாம். இடையில் முழுக்கத் திறந்து காற்றோட்டத்துக்குப் போய்விடக் கூடாது. முடிந்ததும் பர்னரை அணைத்து, டேம்பர், பர்னர் வாய், பார்வைத் துளை எல்லாவற்றையும் மூடி, இடுக்குகளைக் களிமண்ணால் பூசிவிடுங்கள். கிளேஸ் இன்னும் இளகிய நிலையில் இருக்கும்போது புதுக் காற்று பட்டால் மேற்பரப்புச் செம்பு மறுபடி ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும்.

கரும்புகை நல்ல ரிடக்‌ஷனுக்கு அடையாளம் அல்ல. புகைபோக்கியிலிருந்து கறுப்பாகக் கொட்டுவது எரியாத கரி. கேஸ் வீணாவதோடு அந்தக் கரி கிளேஸுக்குள் மாட்டிக்கொண்டு சாம்பல் நிறப் படலமாக நின்றுவிடும். சுடர்தான் வேண்டும், புகை வேண்டாம். பகல் வெளிச்சத்தில் இந்தச் சுடரின் நிறம் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. அதனால் 900 டிகிரி அந்திக்கு வருகிற மாதிரி மதியத்திலேயே பற்றவைப்பது என் பழக்கம். இருட்டக் கட்டும் நேரத்தில் அந்த ஆரஞ்சுக்கும் வெளிர் நீலத்துக்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

இனி உங்கள் நான்கு நிறங்கள். மேல்தட்டுப் பச்சைக்குக் காரணம் அங்கே காற்று மிச்சமிருந்தது. ஈரல் நிறம் வருவதற்குக் கிளேஸ் மிகத் தடித்திருக்கலாம், செம்பு கூடியிருக்கலாம், அல்லது அந்த இடத்தில் ரிடக்‌ஷன் அளவுக்கு மீறியிருக்கலாம். நடுத்தட்டில் மட்டும் வருவதால் கடைசிக் காரணத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன். கதவோரப் பாத்திரத்தின் வெள்ளைப் பக்கம் கதவைப் பார்த்துத்தானே இருந்தது? கதவுச் செங்கல் இடுக்கில் காற்று கசிகிறது. அடுத்த முறை கதவு இடுக்கு முழுவதையும் மண்ணும் மணலும் குழைத்துப் பூசிப் பாருங்கள். அதோடு ஒவ்வொரு தட்டிலும் ஒரு சின்ன சோதனை வில்லை வைத்து, எது எங்கே இருந்தது என்று நோட்டில் படம் போட்டு வையுங்கள். சூளையின் குணம் அந்த நோட்டில்தான் பிடிபடும்.

கேள்வி: செம்புக் கம்பி சிவப்பு. மயில்துத்தம் நீலம். பாத்திரத்தில் பிடிக்கும் களிம்பு பச்சை. கிளேஸில் சிவப்பாகத் தெரிவது இவற்றில் எது? வேதியியல் படிக்கிறேன், அதனால் விவரமாகவே சொல்லலாம்.
— கல்லூரி மாணவர், திருச்சி

கம்பியில் இருப்பதுதான், உலோகச் செம்பு. ஆனால் ஒரு துகளின் அளவு சில பத்து நானோமீட்டர்தான். கண்ணாடிக்குள் சிதறிக் கிடக்கும் அந்தத் துகள்கள் ஒளியில் பச்சைப் பகுதியை விழுங்கி, சிவப்பை விட்டுவிடுகின்றன. தங்கத்தைக் கொண்டு சிவப்புக் கண்ணாடி செய்வதும் இதே வழிதான். துகள் பெருத்துவிட்டால் ஒளி உள்ளே போகாமல் சிதறும். கோயம்புத்தூர் வாசகியின் ஈரல் நிறம் அப்படி வருவது.

நீங்கள் சேர்ப்பது செம்புக் கார்பனேட். சூட்டில் அது கரியமில வாயுவை விட்டுக் கறுப்பு ஆக்சைடாகிறது. சூளையில் உள்ள கார்பன் மோனாக்சைடு அதிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கிறது. உருகிய கிளேஸில் செம்பு பெரும்பாலும் ஒற்றை மின்னூட்ட அயனியாகக் கரைந்திருக்கும். அந்த நிலையில் அதற்கு நிறம் கிடையாது. இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: உச்ச வெப்பத்தில் கிளேஸ் இன்னும் சிவக்கவே இல்லை. குளிரும்போது கரைசலில் தங்க முடியாமல் செம்பு பிரிந்து, துகளாகச் சேரச் சேர நிறம் எழுகிறது. சோதனை வளையத்தைக் கம்பியால் வெளியே இழுத்து உடனே தண்ணீரில் போட்டால் அது வெளிறித் தோன்றலாம். அதைப் பார்த்துவிட்டுச் சிவப்பு போச்சு என்று முடிவுகட்டக் கூடாது. செம்பு ரூபிக் கண்ணாடி செய்கிறவர்கள் இதைக் கண்கூடாகப் பார்க்கிறார்கள். வேகமாகக் குளிர்ந்த கண்ணாடி நிறமில்லாமல் இருக்கும், மறுபடி சூடாக்கினால் சிவக்கும்.

வெள்ளீய ஆக்சைடு ஒரு சதவீதம் சேர்ப்பதற்கும் இங்கேதான் வேலை. ரிடக்‌ஷனில் வெள்ளீயமும் தன் ஆக்சிஜனில் ஒரு பங்கை இழந்து நிற்கிறது. குளிரும்போது அது செம்பு அயனிக்கு எலக்ட்ரானைக் கொடுத்து உலோகமாக்குகிறது. தான் பழைய நிலைக்குத் திரும்புகிறது. வெள்ளீயம் இல்லாமலும் சிவப்பு வரும், ஆனால் பிடிவாதமான சூளையில் அது இருப்பது பெரிய பலம்.

உடைந்த செம்புச் சிவப்பு ஓடு ஒன்று கிடைத்தால் அதன் வெட்டுமுகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சிவப்பு பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்காது. மேலே நிறமற்ற கண்ணாடிப் படலம் ஒன்று, அதற்குக் கீழே சிவப்பு அடுக்கு. மேற்பரப்பிலிருந்த செம்பில் கொஞ்சம் ஆவியாகியும் கொஞ்சம் ஆக்சிஜனோடு சேர்ந்தும் போய்விடுகிறது. நல்ல செம்புச் சிவப்பைக் கையில் எடுத்தால் ஆழம் தெரிகிறது என்கிறோமே, அதற்கு இந்த அடுக்குதான் காரணம். விளிம்பில் சிவப்பு நிற்காததும் இதனால்தான். விளிம்பிலிருந்து கிளேஸ் வழிந்து மெலிந்துவிடுகிறது. மெலிந்த இடத்தில் உள்ளே ஒளிந்துகொள்ளச் செம்புக்கு இடமில்லை.

கேள்வி: நம்பகமான ஒரு கலவை கொடுங்கள். இணையத்தில் எதை எடுத்தாலும் அமெரிக்கப் பொருள்களின் பெயராக இருக்கிறது.
— வாசகர், ஓசூர்

எழுதிக்கொள்ளுங்கள். பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் 46, குவார்ட்ஸ் தூள் 22, கால்சியம் கார்பனேட் 14, சோடியமும் கால்சியமும் கலந்த போராக்ஸ் ஃபிரிட் (முன்பே உருக்கி அரைத்த கண்ணாடித் தூள்) 14, சீனாக்களி 4. ஆக 100. இதற்கு மேல் வெள்ளீய ஆக்சைடு 1, செம்புக் கார்பனேட் 0.5. செம்புக் கார்பனேட் கிடைக்காமல் கறுப்பு ஆக்சைடு போட்டால் 0.35 போதும். 10 கோனுக்கு நல்ல பளபளப்பாக உருகும்.

ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் நாமக்கல், கரூர் பக்கத்திலேயே வெட்டி எடுக்கிறார்கள். சீனாக்களி கேரளத்திலிருந்து வருகிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் நடப்பதால் அந்தப் பக்கம் விசாரித்தாலும் பொருள்கள் கிடைக்கும். ஆனால் ஃபெல்ட்ஸ்பார் மூட்டைக்கு மூட்டை மாறும். சோடா கூடிய மூட்டை வந்துவிட்டால் கிளேஸ் முன்கூட்டியே இளகி ஓடும். புது மூட்டை வாங்கினால் பழைய மூட்டையோடு பக்கத்தில் வைத்துச் சோதிக்காமல் பெரிய வாளியில் கொட்டாதீர்கள்.

அலுமினா குறைவாகவும் காரம் அதிகமாகவும் இருப்பதுதான் இந்த வகைக் கிளேஸின் சூட்சுமம். அதனாலேயே இது ஓடும். சுட்ட பிறகு தடிமன் சுமார் ஒரு மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அதற்குக் கரைசல் கெட்டியாக இருக்க வேண்டும். என் வாளியில் ஒரு லிட்டர் 1,450 முதல் 1,500 கிராம் எடை இருக்கும். அடியில் ஒரு விரற்கடை அளவு கிளேஸ் இல்லாமல் துடைத்துவிட்டு, பாத்திரத்துக்குக் கீழே பிஸ்க் செய்த (கிளேஸ் போடாமல் ஒருமுறை சுட்ட) வில்லை ஒன்றை அலுமினா பூசி வையுங்கள். சூளைத் தட்டின் விலையை நினைத்தால் இந்த வில்லை செய்யும் வேலை பெரிதாகத் தோன்றாது.

கலவையை ஏன் இவ்வளவு எளிதாகக் கொடுக்கிறீர்கள் என்று பக்கத்துப் பட்டறைக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் பர்மிங்ஹாமுக்கு அருகே 1898-இல் தொடங்கிய ரஸ்கின் பாட்டரி, செம்புச் சிவப்புக்குப் பெயர்போனது. அதை நடத்திய வில்லியம் ஹவ்ஸன் டெய்லர் 1935-இல் இறப்பதற்கு முன் தன் கிளேஸ் குறிப்புகளை எல்லாம் அழித்துவிட்டார், யாரும் போலி செய்துவிடக் கூடாது என்று. அவருடைய ஜாடிகளை நான் மதிக்கிறேன். அந்தக் காரியத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. மூலப்பொருள்களின் அளவை ஒரு தாளில் எழுதிவிடலாம். அவர் எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரம், எப்படிச் சுடரைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பதுதான் நமக்குக் கிடைக்காமல் போன செல்வம். நம் ஊரிலும் எத்தனையோ கைத்தொழில்களில் இப்படி நடந்திருக்கிறது. கலவை கேட்டு எழுதுகிறவர்களுக்கு நான் எப்போதும் கொடுப்பேன். கூடவே ஒரு வேண்டுகோள்: சுட்ட விவரத்தை எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். மின்சூளை மட்டும்தான். எனக்குச் சிவப்பு கிடையாதா?
— வாசகி, வேளச்சேரி, சென்னை

உண்டு, ஆனால் வேறு வழியில். கிளேஸிலேயே மிக நுண்ணிய சிலிக்கன் கார்பைடு தூள் 0.3 முதல் 0.5 சதவீதம் கலந்துவிட்டால், அது உருகும் கிளேஸுக்குள்ளேயே ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். சூளையில் காற்று இருக்கும், கிளேஸுக்குள் ரிடக்‌ஷன் நடக்கும். அமெரிக்காவில் 1932-லேயே இதைச் செய்து எழுதியிருக்கிறார்கள். தூளின் நுண்மை 600 மெஷ்ஷுக்கு (சல்லடைக் கண்ணின் எண்) குறையக் கூடாது. பருமனான தூள் போட்டால் வாயு கொப்புளித்து கிளேஸ் முழுக்கக் குழி விழும். உங்கள் சூளை 6 கோன் வரைதான் போகும் என்றால் ஃபிரிட்டைக் கூட்டி உருகும் வெப்பத்தைக் கீழே கொண்டுவர வேண்டும்.

நிறம் அழகாகத்தான் இருக்கும். கொஞ்சம் ராஸ்பெர்ரிப் பக்கம் சாயும், புள்ளி புள்ளியாகவும் வரும். கேஸ் சூளையின் ஆழம் அதில் எனக்குக் கிடைத்ததில்லை. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: மின்சூளைக்குள் கற்பூரம், மரத்துண்டு, அந்துருண்டை போட்டு ரிடக்‌ஷன் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். கம்பிச் சுருளின் மேல் இருக்கும் அலுமினாப் படலம் அதனால் அரிக்கப்பட்டு, சுருள் சீக்கிரம் போய்விடும். அதைவிட முக்கியம், மூடிய வீட்டுக்குள் அந்தப் புகையை விடவே கூடாது.

கேள்வி: வகுப்பில் கீழடி, ஆதிச்சநல்லூர் கறுப்பு-சிவப்புப் பானைகளைப் பற்றி நடத்துகிறேன். அவையும் ரிடக்‌ஷன் முறையில் சுட்டவை என்று படித்தேன். நீங்கள் சொல்லும் சிவப்பும் அந்தச் சிவப்பும் ஒன்றா?
— பள்ளி ஆசிரியர், மதுரை

சிவப்பு வேறு, நெருப்பைக் கையாளும் அறிவு ஒன்று. அந்தப் பானைகளில் கிளேஸ் கிடையாது, செம்பும் கிடையாது. மண்ணில் உள்ள இரும்புதான் நிறம் தருகிறது. காற்றுப் பட்ட வெளிப்புறத்தில் இரும்பு சிவப்பு ஆக்சைடாகிறது. உட்புறமும் வாய்ப்பகுதியும் காற்றுப் படாமல், கரியோடு இருந்ததால் கறுக்கிறது. பானையைக் கவிழ்த்து வைத்து, வைக்கோல், உமி மாதிரி எரியும் பொருள் உள்ளே இருக்கும்படி சுட்டால் இந்த இரட்டை நிறம் ஒரே சூட்டில் வரும் என்பது ஆய்வாளர்கள் பலர் சொல்லும் விளக்கம்.

இதில் உங்கள் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது, இரும்பும் செம்பும் எதிரெதிராக நடந்துகொள்கின்றன என்பது. காற்று நிறைய இருந்தால் இரும்பு சிவக்கும், செம்பு பச்சையாகும். காற்றைக் குறைத்தால் இரும்பு கறுக்கும், செம்பு சிவக்கும். அதே இரும்பைக் கிளேஸில் கொஞ்சமாகச் சேர்த்து ரிடக்‌ஷனில் சுட்டால் செலடான் என்ற இளம்பச்சை வரும். கறுத்த பானை ஓட்டின் சிறு துண்டைத் திறந்த நெருப்பில் மறுபடி நன்றாகச் சுட்டுக் காட்டுங்கள், கறுப்பு போய்ச் சிவந்துவிடும். அகழாய்வு ஓட்டில் அல்ல, இப்போது செய்த கறுப்புப் பானை உடைந்த துண்டில். ஒரே பானையில் காற்று எங்கே பட வேண்டும், எங்கே படக் கூடாது என்று அத்தனை நூற்றாண்டுக்கு முன்பே நம் குயவர்கள் கணக்காகத் தெரிந்து வைத்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

கேள்வி: சீனாவில் மிங் காலச் சிவப்புப் பாத்திரங்கள் மிகக் குறைவாகவே இருப்பதாகச் சொல்கிறார்கள். ஏன்?
— வாசகர், சிங்கப்பூர்

ஜிங்தேஜென் நகர அரச சூளைகளில், பதினைந்தாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்தச் சிவப்பு உச்சத்துக்குப் போனது. குறிப்பாக 1426 முதல் 1435 வரை ஆண்ட ஷுவாந்தே பேரரசர் காலத்தில். அதற்குப் பிறகு மெல்ல மெல்லக் கைவிட்டுப் போய்விட்டது. 1530-இல் ஜியாஜிங் பேரரசர் வழிபாட்டு முறைகளைத் திருத்தியபோது வானத்துக்கு நீலம், பூமிக்கு மஞ்சள், சூரியனுக்குச் சிவப்பு, சந்திரனுக்கு வெள்ளை என்று பூசைப் பாத்திரங்களுக்கு நிறம் விதித்தார். அதே ஜியாஜிங் காலத்தில் செம்புச் சிவப்பு வரவழைக்க முடியாமல், சுட்ட பாத்திரத்தின் மேல் இரும்புச் சிவப்பைப் பூசி மறுபடி குறைந்த சூட்டில் சுடுவதற்கு அனுமதி கொடுக்க வேண்டியதாயிற்று. பேரரசரே கேட்டும் வரவில்லை என்பதைச் சிவப்புக்காகப் போராடும் ஒவ்வொருவரும் ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாம்.

மறுபடி அதை மீட்டது காங்ஷி பேரரசர் காலத்தில். 1705 முதல் 1712 வரை ஜியாங்ஷி மாகாண ஆளுநராக இருந்த லாங் டிங்ஜியின் பெயரால் அந்தச் சிவப்பை லாங் சூளைச் சிவப்பு என்கிறார்கள். விளிம்பு வெள்ளையாக இருக்கும். உடலில் கீழே வர வர நிறம் அடர்ந்து, அடிவளையத்துக்கு வந்ததும் கிளேஸ் ஓடாமல் கச்சிதமாக நிற்கும். ஓடக்கூடிய கிளேஸை அந்தக் கோட்டில் நிறுத்தியதைப் பார்க்கும்போது எனக்கு நிறத்தை விட அந்த நிறுத்தல்தான் பெரிதாகப் படுகிறது. ஒரு பெண் சூளைக்குள் குதித்ததால்தான் பாத்திரங்கள் சிவந்தன என்ற கதையையும் கேட்டிருப்பீர்கள். கதை அது. ஆனால் தோல்வியடைந்தால் அரச தண்டனை என்ற பயத்தில் வேலை செய்தவர்களின் நடுவில் பிறந்த கதை என்பதால் நான் அதைக் கேலியாகப் பேச மாட்டேன்.

ஐரோப்பியர்கள் இதைக் கண்டுபிடிக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதி ஆயிற்று. நாம் சூளையில் வைக்கும் கோனைத் தந்த ஹெர்மன் ஸேகரும் 1880-களில் பெர்லின் அரச பீங்கான் ஆலையில் இந்தச் சிவப்பைத் தேடியவர்களில் ஒருவர்.

கேள்வி: மழைக்காலத்தில் என் சிவப்பு கெட்டுப்போகிறது. பிரமையா?
— வாசகர், கடலூர்

பிரமை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் புதுச்சேரிப் பக்கத்திலும் இதே கதைதான். செங்கல் ஈரம் குடித்திருப்பதால் முதல் சில மணி நேரக் கேஸ் அதைக் காயவைப்பதிலேயே போகும். காற்று வீச்சு மாறும்போது புகைபோக்கியின் இழுப்பும் மாறும். நீங்கள் டேம்பரைத் தொடாமலேயே சூளை ரிடக்‌ஷனிலிருந்து வெளியே போய்விடும். புகைபோக்கி உச்சியில் காற்றுத் தடுப்பு வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். முதல் நாள் இரவே ஒரு சின்ன பர்னரை வைத்து மெல்லச் சூடேற்றி வையுங்கள்.

அப்புறம், சிலிண்டர். 19 கிலோ சிலிண்டரிலிருந்து வேகமாகக் கேஸ் இழுத்தால் அது சில்லிட்டு உறையும், அழுத்தம் இறங்கும். குளிர்ந்த இரவில் இன்னும் மோசம். ஒன்றை மட்டும் நம்பாமல் மூன்று நான்கு சிலிண்டர்களை ஒன்றாக இணைத்து, அடியைச் சாதாரணத் தண்ணீர்த் தொட்டியில் நிற்கவையுங்கள். வெந்நீரோ நெருப்போ காட்டக் கூடாது.

கேள்வி: என் வெள்ளைக் கிண்ணம் ஒரு பக்கம் மட்டும் ரோஜா நிறமாக வந்திருக்கிறது. நான் செம்பே போடவில்லை!
— வாசகி, திண்டுக்கல்

பக்கத்தில் செம்புச் சிவப்பு ஜாடி நின்றிருக்கும். 1,200 டிகிரிக்கு மேல் செம்பு ஆவியாகிப் பக்கத்துப் பாத்திரத்தில் படியும். உங்கள் வெள்ளையில் வெள்ளீயம் இருப்பதால் அது ரோஜாவாகத் தெரிகிறது. வேண்டாம் என்றால் தள்ளி வையுங்கள். எனக்குப் பிடிக்கும், வேண்டுமென்றே பக்கத்தில் வைப்பேன்.

கேள்வி: செம்புப் பாத்திரத்தில் புளி ஊற்றி வைக்கக் கூடாது என்பாள் பாட்டி. செம்புச் சிவப்புக் கிண்ணத்தில் ரசம் சாப்பிடலாமா?
— வாசகி, திருநெல்வேலி

பாட்டி சொன்னது உலோகத்துக்குச் சரி. இங்கே செம்பு கண்ணாடிக்குள் பூட்டப்பட்டிருக்கிறது, அளவும் அரை சதவீதம்தான். 10 கோனில் நன்றாக உருகி, பளபளப்பாக, கீறலில்லாமல் இருக்கும் கிளேஸில் ரசம் சாப்பிடுவதற்கு நான் தயங்க மாட்டேன். தயங்க வேண்டியது, சரியாக உருகாமல் மங்கலாக நிற்கும் கிளேஸிலும், செம்பை 4, 5 சதவீதம் அள்ளிப்போட்ட பச்சைக் கிளேஸிலும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். எலுமிச்சைத் துண்டு ஒன்றைக் கிளேஸ் மேல் ஓர் இரவு கவிழ்த்து வைத்து, காலையில் கழுவிப் பாருங்கள். அந்த இடம் மங்கியிருந்தால், நிறம் மாறியிருந்தால் அது பூச்சாடியாகவே இருக்கட்டும். மாறாமல் இருந்தால் நல்ல அறிகுறி; ஆனால் உறுதிச்சீட்டு அல்ல. விற்பனைக்குப் பாத்திரம் செய்கிறவர்கள் ஆய்வகத்தில் கொடுத்துக் கரைவுச் சோதனை செய்தே ஆக வேண்டும். 4 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 24 மணி நேரம் ஊறவைத்து, வெளிவந்த உலோகத்தை அளப்பார்கள். ஈயம் கலந்த பழைய வகைக் கிளேஸுக்குச் செம்பைச் சேர்க்கவே கூடாது, ஈயம் இன்னும் அதிகமாகக் கரையும். பேரியம் கார்பனேட் உள்ள கலவைகளையும் உணவுப் பாத்திரத்துக்கு நான் தொடுவதில்லை. ஊறுகாயை மாதக்கணக்கில் வைப்பதற்கு நம் பழைய உப்புக் கிளேஸ் ஜாடியே போதும்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கேஸ் சூளை வைக்கப் போகிறேன். சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். என்ன கவனிக்க வேண்டும்?
— வாசகர், விழுப்புரம்

நல்லவேளை, வைப்பதற்கு முன்பே கேட்டீர்கள். ரிடக்‌ஷன் என்றாலே சூளை கார்பன் மோனாக்சைடை உற்பத்தி செய்கிறது என்று அர்த்தம். அந்த வாயுவுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. தலைவலியும் மயக்கமும் வரும்போது எழுந்து வெளியே போகும் தெம்பும் போயிருக்கும். ஆகவே கொட்டகைக்குக் கூரை மட்டும் போதும், குறைந்தது மூன்று பக்கம் திறந்திருக்கட்டும். மழைச் சாரல் அடிக்கிறதே என்று தார்ப்பாய் கட்டி மூடாதீர்கள். வீட்டு ஜன்னல் சூளையைப் பார்த்து இருந்தால் சுடும் நாளில் அதைச் சாத்தி வையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கி வீட்டுக்குள் மாட்டுங்கள்.

எல்.பி.ஜி. காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். எனவே சிலிண்டரைப் பள்ளத்திலோ சாக்கடை ஓரத்திலோ வைக்க வேண்டாம். சுடர் அணைந்தால் தானாகவே கேஸை நிறுத்தும் பாதுகாப்பு வால்வு இல்லாத பர்னரை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். செம்புக் கார்பனேட், குவார்ட்ஸ் தூள் இரண்டையும் நல்ல முகமூடி போட்டு எடை போடுங்கள். துணியைக் கட்டிக்கொண்டால் போதாது. தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். டப்பாக்களுக்குப் பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். செம்புக் கார்பனேட் அழகான பச்சைப் பொடி, பிள்ளைகளின் கண்ணை இழுக்கும்.

இவ்வளவும் தயாரானதும் முதல் இரண்டு மூன்று சூட்டைச் செம்பு இல்லாமல் சாதாரணக் கிளேஸோடு சுடுங்கள். சுடர் எங்கே எட்டிப் பார்க்கிறது, டேம்பரை எவ்வளவு தள்ளினால் கீழ்த் துளை மாறுகிறது என்பதெல்லாம் அதிலேயே பழகிவிடும். செம்பை அதற்குப் பிறகு சேர்க்கலாம்.